நடுவில் உள்ள பாடசாலைகள்

கட்டிலில் மூன்று குவியல்.
ஒன்று, வழவழத்த தாளில் அச்சிட்ட
சர்வதேசப் பாடசாலைக் கையேடு:
நீச்சல் தடாகம், சிரிக்கிற பிள்ளைகள்,
கடைசிப் பக்கத்தில் மட்டும் சின்ன எழுத்தில்
சேர்வுக் கட்டணம்.
மற்றது, காலி வீதிப் பெரிய பாடசாலையின் விண்ணப்பம்.
மூன்றாவது, இலொய்லோவிலிருந்து
தங்கை அனுப்பிய குரல்பதிவு.
குவியல் என்று அதை எப்படிச் சொல்வது,
ஆனாலும் மரிவிக் தன் கைபேசியை
அந்த இடத்தில்தான் வைத்திருந்தாள்.

"இங்கே கொண்டுவந்து விடு அக்கா,
அரசாங்கப் பள்ளி, காசில்லை.
காலையில் ஒரு கூட்டம், பின்னேரம் ஒரு கூட்டம்,
ஒரே வாங்கில் பிள்ளைகள் மாறி மாறி.
நான் பார்த்துக்கொள்வேன்."
எனக்கு மொழிபெயர்த்துச் சொல்லிவிட்டு
திரும்பவும் கேட்டாள்,
இந்த முறை சத்தத்தைக் குறைத்து.

வாக்காளர் இடாப்பில் ஐந்து வருசம் வேணுமாம்.
அந்த ஐந்து வருசமும் நான்
தோஹாவில் குளிரூட்டிக் குழாய்களுக்குள்
தலையை விட்டுக்கொண்டிருந்தேன்,
இந்தப் பிள்ளையின் படிப்புக்கென்று.
அவளுக்கோ இந்த நாட்டில் வாக்கே இல்லை,
வருசாவருசம் புதுப்பிக்கிற விசா மட்டும்.
மின்சாரப் பில் வீட்டுக்காரியின்
செத்துப்போன புருசன் பேரில் வருகிறது.
அவர் இன்னும் ஒழுங்காகக் கட்டுகிறார்.

கிராம சேவகர் நல்ல மனுசன்.
வரைபடத்தில் அடிமட்டம் வைத்துக் காட்டினார்:
"பாடசாலை இங்க. நீங்க இங்க.
நடுவில இன்னும் மூன்று பாடசாலை இருக்கு தம்பி,
ஒவ்வொன்றுக்கும் புள்ளி வெட்டுவாங்க."
திரும்பி வரும்போது, வெள்ளவத்தை ரயில் பாதையோரம்,
மரிவிக் கேட்டாள்:
"என்ர ஊருக்கும் இங்கைக்கும் நடுவில
எத்தனை பாடசாலை இருக்கும்?"
நான் கடலைப் பார்த்தேன்.
அது மேற்கே இருந்தது.
அவள் ஊர் மற்றப் பக்கம்.

கப்பல் கம்பனியில் கணக்கெழுதுகிறவள்.
இரண்டு சம்பளத்தையும் பெசோவாக்கி, டொலராக்கி,
திரும்ப ரூபாயாக்கிப் பார்த்தாள்.
எந்தக் காசில் எழுதினாலும்
இரண்டாம் தவணைக்கு எட்டவில்லை.
விண்ணப்பத்தில் இனம் என்ற கட்டத்தில்
நான் தமிழ் என்று எழுதினேன்.
அவள் பேனையை வாங்கி,
அழிக்கவில்லை,
பக்கத்தில் ஒரு கோடு மட்டும் இழுத்தாள்.
அதற்கு மேலே ஒன்றும் எழுதவில்லை.

நடுவில் இருக்கிற மூன்றில் ஒன்றைப்
பார்க்கலாமே என்றதும் அவள்தான்.
ஹாட்வெயார் கடைக்குப் பின்னால்,
ஒழுங்கைக்குள், மஞ்சள் மதில்.
முதலாம் தரத்தில் பதினொரு பிள்ளைகள்.
எனக்கு வெட்கமாயிருந்தது, மறைப்பானேன்.
சித்தப்பாவின் மகன் கேட்டால்
எந்தப் பாடசாலை என்று சொல்வேன்?
அவள் அதிபரின் அறைக்குப் போகவில்லை.
நேரே கக்கூசுக்குப் போனாள்.
குழாயைத் திறந்து பார்த்தாள்,
கதவைக் கொளுவிப் பார்த்தாள்,
வெளியே வந்து கையை உதறி
"கொண்டி இருக்கு" என்றாள்.

அதற்குள் ஆதிரை மாயுமி
வகுப்புக்குள் நுழைந்துவிட்டாள்.
ரீச்சர் புளியங்கொட்டை எண்ணச் சொல்ல
ஒன்று, இரண்டு, மூன்று என்று தொடங்கி
நாலில் தடுக்கி
அபாத், லிமா, அனும் என்று ஓடினாள்.
ரீச்சர் நிறுத்தவில்லை.
விரலால் கொட்டைகளைத் தள்ளிக்கொண்டே
"எண்ணிக்கை சரி" என்றா.
பின்வாங்கில் ஒரு பொடியன்
லிமா, லிமா என்று
வாய்க்குள் போட்டுப் பார்த்தான்.

சீருடைத் துணி இலவசம்.
தையல்காரரிடம் மரிவிக்,
"இரண்டு அங்குலம் உள்ளுக்கு மடியுங்க,
வளருவாள்."
தங்கைக்கு இன்னும் பதில் அனுப்பவில்லை.
வழவழத்த கையேட்டையும் எறியவில்லை,
நல்ல தாள் என்று
கொப்பிகளுக்கு உறை போட்டாள்.
கணக்குக் கொப்பியின் முன்பக்கம்
அந்த நீச்சல் தடாகம்.
சில இரவுகளில் எழும்பி
அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.